வானொலிச் சொல்லும் நேயர் சினமும்



வானொலி கேட்பவரை ‘நேயர்’ என்றழைப்பது தமிழின் வழக்கு. இலங்கை வானொலியும் அகில இந்திய வானொலியும் அச்சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. ‘நேயர் விருப்பம்’ என்று நிகழ்ச்சிக்கே பெயர் அமைந்தது. கேட்பவர் காதுடையவர் மட்டுமல்லர், அன்புடையவரும் ஆவார் என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லில் காது உண்டு, நேயம் இல்லை. அமெரிக்காவின் பேச்சு வானொலி வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்வேறுபாடு அடிக்கடி நினைவுக்கு வரும். அங்கே சினத்தோடு கேட்பவர் பலர். சினங்கொள்வதற்கென்றே கேட்பவரும் உளர். பேச்சு துப்பாக்கியைத் தொட்டுவிட்டாலோ அச்சினத்துக்கு எல்லை இல்லை. இன்றைய உரையின் பொருள் அச்சினமே.

1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் பல நிலையங்களில் ஒலித்துவந்த தம் நிகழ்ச்சியில், ஜி. கார்டன் லிடி என்பார் நேயர்க்கு ஓர் அறிவுரை வழங்கினார். நடுவணரசின் மது, புகையிலை, துப்பாக்கிப் பணியகத்தார் ஆயுதங்களோடு வீட்டுக்குள் புகுந்தால், அவர்கள் குண்டு துளைக்காத மேலங்கி அணிந்திருப்பர். ஆதலால் மார்பைக் குறிவைக்க வேண்டா, தலையைக் குறிவையுங்கள் என்பதே அவ்வறிவுரையின் சாரம்.

இதைச் சொன்னவர் தெருவில் போகும் யாரோ ஒருவர் அல்லர். நடுவண் புலனாய்வுத் துறையில் முன்னாளில் அலுவலராக இருந்தவர்; 1972-ஆம் ஆண்டின் வாட்டர்கேட் ஊடுருவலைத் திட்டமிட்டவர்களுள் ஒருவர்; அதற்காக நான்கரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையில் இருந்து, 1977-இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் தண்டனையைக் குறைத்தமையால் வெளிவந்தவர். தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது என்பது அந்நாட்டுச் சட்டம். தம்மிடம் துப்பாக்கி ஏதும் இல்லை, தம் மனைவியிடம்தான் இருக்கின்றன, அவற்றுட் சில கட்டிலில் தாம் படுக்கும் பக்கத்தில் இருக்கின்றன என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உடையது.

அவ்வறிவுரை வெற்றிடத்தில் பிறந்ததன்று. 1993 பிப்ரவரி 28 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரருகே ஒரு சமயக் குழுவினரின் இருப்பிடத்தை இப்பணியகத்தார் சோதனையிடச் சென்றபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் பணியகத்தார் நால்வர் மாண்டனர். ஐம்பத்தொரு நாள் முற்றுகைக்குப்பின் ஏப்ரல் 19 அன்று அவ்விருப்பிடம் தீக்கிரையாயிற்று. குழந்தைகள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு இறுதியில் கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராயும் பிரேடி சட்டமும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிலவகை அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுக்கான தடையும் வந்தன. அரசு தம் கையிலிருக்கும் துப்பாக்கியைப் பறிக்கப் புறப்பட்டுவிட்டது என்று நம்பிய மக்கள் திரளுக்கு வேக்கோவின் தீ ஒரு சான்றாகவே தோன்றியது. அவர்களுடைய அச்சத்தை வெறும் மடமை என்று தள்ளிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. அரசின் செயலில் பிழை இருந்தது என்பதை அரசின் ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது.

1995 ஏப்ரல் 19. வேக்கோ தீயின் இரண்டாம் ஆண்டு நாள். ஓக்லஹோமா நகரில் நடுவணரசுக் கட்டடம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. 168 பேர் மாண்டனர். அவருள் 19 பேர் குழந்தைகள். லிடி பெயர் சொல்லிப் பேசிய அதே பணியகத்தின் அலுவலகமும் அக்கட்டடத்தில் இருந்தது. லிடியின் பேச்சே குண்டுவைத்தவனைத் தூண்டியது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறமும் ஆகாது. ஆயினும், எட்டு மாதங்களுக்கு முன் காற்றில் கலந்த அச்சொல் இப்போது திரும்பிவந்து நின்றது. முன்பு அதைக் கேட்டும் கேளாதிருந்தவர்கள் இப்போது உண்மையாகவே கேட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து மினியாபொலிஸ் நகரில் பேசிய குடியரசுத் தலைவர் கிளின்டன், வானலைகளில் வெறுப்பைப் பரப்பும் உரத்த குரல்களைக் கண்டித்தார். எவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே பல நிகழ்ச்சி நடத்துநர்கள் அது தம்மைக் குறித்ததென்று கொண்டு கொதித்தெழுந்தனர். நேயர்களும் இரு பிரிவாயினர். சில நிலையங்கள் லிடியின் நிகழ்ச்சியை நிறுத்தின, பெரும்பாலானவை நிறுத்தவில்லை. லிடியோ பின்வாங்கவில்லை. தற்காப்பைப் பற்றியே தாம் பேசியதாக விளக்கினார். தலையைக் குறிவைப்பது கடினம், உடலைக் குறிவைப்பதே தக்கது என்று அறிவுரையைத் ‘திருத்தி’யும் கொண்டார். குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குக் குடியரசுத் தலைவர், அவர்தம் துணைவியார் பெயரிட்ட கோட்டுருவங்களைத் தாம் பயன்படுத்தியதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே 1995-ஆம் ஆண்டில் பேச்சு வானொலி நடத்துநர்களின் சங்கம் அவருக்குப் பேச்சுரிமை விருது வழங்கியது. விருதுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அச்சங்கத்தார் தெரிந்தே தேர்ந்தனர். உரிமை என்பது விரும்பத்தகாத சொல்லுக்கும் உண்டு என்பது அவர்தம் வாதம்.

அவ்வாதத்துக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. உடனடியாகச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது நிகழும் வாய்ப்பும் சேர்ந்திருந்தாலன்றிப் பேச்சைத் தண்டிக்க இயலாது என்று 1969-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ‘வந்தால் சுடுங்கள்’ என்பது நிபந்தனையோடு கூடிய சொல்; இன்னும் வராத ஒருவரைப் பற்றியது. சட்டத்தின் வலைக்குள் அது சிக்காது. ஆகவே அதற்கு மறுமொழி சொல்லும் கடமை, காவலரையும் நீதிபதியையும் விட்டு நீங்கி நேயரிடமே வந்து சேர்ந்தது.

அக்காலத்தில் எழுந்த சினங்களுள் ஒன்று தனித்து நிற்பது. அது வானொலி நேயர் ஒருவருடையதன்று; மடல் பெற்ற ஒருவருடையது. தேசிய ரைஃபிள் சங்கம் நிதி வேண்டி அனுப்பிய மடலொன்றில் நடுவணரசு அலுவலர்களைக் கொடுங்கோலரின் அடியாட்கள் என்னும் பொருள்படச் சாடியிருந்தது. அச்சங்கத்தின் வாழ்நாள் உறுப்பினரும், வேட்டையில் விருப்புடையவரும், துப்பாக்கி வைத்திருப்பவருமாகிய முன்னாள் குடியரசுத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ், 1995 மே மாதத்தில் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகி மடல் எழுதினார். ஓக்லஹோமாவில் மாண்டவருள் ஒருவர் அவருக்கு மெய்க்காவலராகப் பணிபுரிந்தவர். அத்தகையோரையா இப்படிப் பழிப்பது என்பதே அம்மடலின் உள்ளக்கிடக்கை. சில நாட்களில் சங்கத்தின் தலைமை நிருவாகி மன்னிப்புக் கோரினார். எதிரணியிலிருந்து வந்த ஆயிரம் கண்டனங்கள் செய்யாததைத் தன்னணியிலிருந்து வந்த ஒரு மடல் செய்தது.

வானொலியில் இத்தகைய சினம் பெருகியதற்கு ஒரு நிருவாகக் காரணமும் உண்டு. சர்ச்சைக்குரிய பொருள்களில் இருதரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்னும் விதியை நடுவண் தொடர்பாணையம் 1949 முதல் நடைமுறைப்படுத்தி வந்தது. 1987 ஆகஸ்டில் அவ்விதி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடளாவியதாயிற்று. இசை கேட்போர் பண்பலைக்குச் சென்றுவிட, வெறுமையுற்ற மத்திய அலைநிலையங்கள் பேச்சைக் கொண்டு தம்மை நிரப்பிக்கொண்டன. பேச்சுக்குச் செலவு குறைவு. ஒரு குரல், சில தொலைபேசி இணைப்புகள் போதும். அழைப்பவரை முதலில் ஒருவர் விசாரிப்பார். யாரை ஒலிபரப்பில் விடுவது என்று தேர்வார். பேசுவது சில விநாடிகள் தாமதித்தே வெளியேறும். தகாத சொல் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தி நீக்கிவிடலாம். வசைச்சொல்லை அப்பொத்தான் தடுக்கும். கருத்தை அது எடைபோடாது.

விதி இருந்த காலத்தில் மட்டும் நேயர் சினம் அடங்கியிருந்ததா என்றால், இல்லை. கோலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் கே.ஓ.ஏ. நிலையத்தில் பேசிவந்தவர் ஆலன் பெர்க். சிகாகோவில் பிறந்த யூதர். வழக்கறிஞராக இருந்து வானொலிக்கு வந்தவர். அந்நிலையத்தின் 50,000 வாட் ஆற்றலால் இரவில் அவர் குரல் பல மாநிலங்களைக் கடந்து சென்றது. இனவெறியர்களை அவர் வலிந்து பேச்சுக்கு இழுப்பார், வாதாடுவார், எள்ளி நகையாடுவார், பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியைத் துண்டிப்பார். டென்வர் மக்கள் மிகவும் விரும்பியவரும் மிகவும் வெறுத்தவரும் அவரே என்று கருத்துக்கணிப்பு சொல்லியது. லிடிக்கு எதிர்த்துருவத்தில் நின்றவர் அவர். ஆனால் நேயரின் சினமே தம் பிழைப்பு என்பதை அவரும் அறிந்திருந்தார். அதை வளர்க்கவும் செய்தார்.

1984 ஜூன் 18 இரவு, தம் வீட்டின்முன் காரிலிருந்து இறங்கிய பெர்க் சுட்டுக்கொல்லப்பட்டார். தொடர்ந்து சுடும்படி மாற்றியமைக்கப்பட்ட சிறு துப்பாக்கியால் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. செய்தது ‘தி ஆர்டர்’ என்னும் வெள்ளை இனவெறிக் கும்பல். 1987-இல் அக்கும்பலைச் சேர்ந்த இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. குற்றம் கொலையன்று, பெர்க்கின் குடிமை உரிமைகளை மீறிய குற்றம். கொலைக்குற்றத்துக்காக எவர்மீதும் மாநில வழக்கு நடைபெறவில்லை.

இந்நிகழ்வின் நிழல் இலக்கியத்திலும் விழுந்தது. எரிக் போகோசியன் எழுதி நடித்த ‘டாக் ரேடியோ’ நாடகம் 1987-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு ஆலிவர் ஸ்டோன் அதைத் திரைப்படமாக்கியபோது பெர்க்கின் வரலாறும் அதனுட் சேர்க்கப்பட்டது. ஒலிவாங்கியின் முன் ஒருவர் அமர்ந்திருக்க, கேட்போர் பெரும்பாலும் வெறுங்குரல்களாக வருவது அந்நாடகத்தின் உத்தி. அவையறிதலை ஓர் அதிகாரமாக வகுத்த மரபில் வந்தவர்க்கு அக்காட்சி திகைப்பூட்டும். முகம் காணா அவையை அறிவது எங்ஙனம்?

பெர்க்கின் காலத்தில் சினம் பேசியவனை நாடிச் சென்றது. பின்னாளில் அது திசைமாறிற்று. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் ஆறேழு வயதுக் குழந்தைகள் இருபதின்மரும் பள்ளியைச் சேர்ந்த பெரியோர் அறுவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். டெக்சாஸின் ஆஸ்டினிலிருந்து பேசிய வானொலி நடத்துநர் அலெக்ஸ் ஜோன்ஸ், துப்பாக்கிகளைப் பறிக்க அரசு நடத்திய நாடகமே இது என்று தம் நிகழ்ச்சிகளில் சொல்லலானார். பெற்றோர் நடிகர்கள் என்றும், இறந்ததாகச் சொல்லப்படும் குழந்தைகள் இறக்கவே இல்லை என்றும் அவர் நிகழ்ச்சியில் பேசப்பட்டது. கேட்டவர்கள் சினங்கொண்டனர். அச்சினம் பேசியவர்மீதன்று, பிள்ளையைப் புதைத்த பெற்றோர்மீது. தொலைபேசியில் வசை, மடலில் மிரட்டல், வீட்டு வாசலில் விசாரணை எனத் தொல்லை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சில குடும்பங்கள் மீண்டும் மீண்டும் வீடு மாறின. தந்தை ஒருவர்க்குக் கொலை மிரட்டல் விடுத்த ஃபுளோரிடாப் பெண்மணிக்கு 2017-இல் ஐந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது. வெறுப்பை விதைத்தவர் வேறு, சிறை சென்றவர் வேறு.

குடும்பங்கள் அவதூறு வழக்குத் தொடுத்தன. 2022 அக்டோபரில் கனெக்டிகட் நடுவர்குழு, எண்மரின் குடும்பத்தார்க்கும் நடுவண் புலனாய்வு அலுவலர் ஒருவர்க்கும் ஏறத்தாழ 96 கோடியே 50 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க வேண்டும் என்றது. அத்தொகை உலகச் செய்தியாயிற்று. ஆனால் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு, ஆகஸ்டில், ஆஸ்டின் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது தொகையினும் பெரிது.

அன்று காலை ஒரு தந்தை சாட்சியம் அளித்தார். ஜோன்ஸ் நீதிமன்றத்தில் இல்லை. தம் நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தார். பிற்பகலில் அவர் வந்து அமர்ந்திருந்தபோது ஒரு தாய் சாட்சிக்கூண்டில் ஏறினார். நடுவர்குழுவை விட்டு அவர்பக்கமே திரும்பி, தம் மகன் இவ்வுலகில் இருந்தவன், வாழ்ந்தவன் என்று சொன்னார். பத்தாண்டுகளாக ஒலிவாங்கியின் முன் பேசியவர், எதிரிலிருந்து பேசும் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை நடிகை என்று நினைக்கிறீர்களா என்று அத்தாய் வினவினார்.

இல்லை என்று அவர் மறுமொழி சொன்னார்.