சாலையின் பெயரால் மனைநிலம்



பெங்களூருவில் நிலம் பறிபோவதைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன், “சாலை வேண்டாமா?” என்று கேட்டு வாயடைக்கிறார்கள். சாலை வேண்டும். சாலைக்கு எவ்வளவு நிலம், சாலையோர மனைக்கு எவ்வளவு நிலம் என்பதே உழவர் எழுப்பும் கேள்வி.

பெங்களூரு–மைசூரு பெருவழித் திட்டத்திற்கான ஒப்பந்தம், கர்நாடக அரசுக்கும் நந்தி நிறுவனத்திற்கும் இடையே 1997 ஏப்ரல் 3 அன்று கையெழுத்தாயிற்று. குறிக்கப்பட்ட நிலம் 20,193 ஏக்கர். சாலைக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதில் பெரும்பகுதி வழியோரத்து ஐந்து நகரியங்களுக்கு. ஆக, சாலை முகப்பு. மனை வணிகமே சரக்கு. 2006இல் உச்சநீதிமன்றம் திட்டத்தை உறுதிசெய்தது. நகரைச் சுற்றிய சுங்கச்சாலை வந்தது. மைசூரு வரையிலான நந்திச் சாலை வரவில்லை. மைசூருக்குப் போவோர் இன்று செல்வது, பழைய நெடுஞ்சாலையை ஒன்றிய அரசு விரிவுபடுத்தி 2023 மார்ச்சில் திறந்த பாதையில்!

கொட்டிகெரெயில் 1995–97இல் வீட்டுமனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்களும் இதில் சிக்கின. 2003இல் அறிவிக்கை, 2005இல் நிலம் கைப்பற்றப்பட்டது, இழப்பீட்டுத் தீர்வம் 2019இல்தான், அதுவும் 2011ஆம் ஆண்டு மதிப்பில். 2019 ஏப்ரல் 22 அன்றைய சந்தை மதிப்பைக் கணக்கிட வேண்டுமென உச்சநீதிமன்றம் 2025 ஜனவரி 2 அன்று ஆணையிட்டது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அது பத்திரம் வைத்திருப்பவருக்கே பயன்படும். அவ்வூர்களின் வயல்களில் கூலிக்கு உழைத்தவரிடம் பத்திரம் ஏது? கூலித் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்பது 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம். மாநில அரசோ இங்கே நிலம் எடுத்தது 1966ஆம் ஆண்டுத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின்படி.

தேவனஹள்ளி வட்டத்தில் விமான நிலையத்தை ஒட்டிய 13 கிராமங்களில் 1,777 ஏக்கரை எடுக்க முனைந்ததும் அதே சட்டத்தின் கீழ்தான். மூன்றாண்டுகளுக்கு மேல் உழவர்கள் அசையாமல் அமர்ந்தனர். 2025 ஜூலை 15 அன்று முதலமைச்சர் சித்தராமையா திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அடுத்து நிற்பது புறநகர் வட்டச்சாலை. 2005இல் முதல் அறிவிக்கை, 2007இல் இறுதி அறிவிக்கை. அன்றிலிருந்து அந்த நிலங்கள் விற்கவும் இயலாமல், நம்பிப் பயிரிடவும் இயலாமல் கிடக்கின்றன. இங்கே தோழர்கள் இழப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடலாகாது. சாலைக்கு இன்றியமையாத அகலம் எவ்வளவு, அதற்கப்பால் ஒவ்வொரு ஏக்கரும் யாருக்கு, எதற்கு என்ற கணக்கைக் கிராம சபையில் வைக்கச் செய்ய வேண்டும். நிலமற்றோரின் பெயர்ப் பட்டியலை, அளவையர் வருமுன்பே, கிளைகள் வீடுவீடாகச் சென்று தயாரிக்க வேண்டும்.