கணக்குத் தெரிந்த ஓட்டக்காரர்

ஓட்டம் என்றால் வேகம் என்றுதான் நினைக்கிறோம். கையில் இருப்பதை அளந்து செலவழிக்கும் கலையும் அதில் உண்டு. அந்தக் கலையில் கைதேர்ந்தவர் ஆங்கிலேயரான ரோஜர் பானிஸ்டர்.

ஒரு மைல் ஓட்டம் என்பது நான்கு சுற்று. அதை நான்கு நிமிடத்துக்குள் முடிப்பதுதான் சவால். 1945-இல் ஸ்வீடன் வீரர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். ஒன்பது ஆண்டுகள் அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

பானிஸ்டர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்குக் கிடைத்தது மதிய இடைவேளைதான். கால் மைலாகப் பத்து முறை ஓடுவார். நடுவே இரண்டு நிமிட ஓய்வு. அதற்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்தில், ஓடும் பட்டையின்மேல் தாமே ஓடி, பிராணவாயு கூடினால் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று சோதித்தவர் அவர்.

1954 மே 6. காலையில் மருத்துவமனைச் சாணைக்கல்லில் காலணி ஆணிகளைத் தீட்டிவிட்டு, ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். ஐஃப்லி சாலை மைதானத்தில் பலத்த காற்று. பக்கத்துத் தேவாலயக் கொடி துவண்ட பிறகே ஓடத் துணிந்தார். நண்பர்கள் பிராஷரும் சாட்டவேயும் அடுத்தடுத்து முன்னால் ஓடி வேகம் வகுத்துக் கொடுத்தார்கள். மூன்று சுற்று முடிந்தபோது 3 நிமிடம் 0.7 விநாடி. மிச்சம் வைத்திருந்ததையெல்லாம் கடைசிச் சுற்றில் கொட்டினார். 3 நிமிடம் 59.4 விநாடி!

துணைக்கு ஆள் வைத்து ஓடியதெல்லாம் பந்தயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 46 நாளில் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அந்தச் சாதனையை முறியடித்தார். ஆகஸ்ட் 7 அன்று வான்கூவரில் இருவரும் மோதினார்கள். அங்கே வேகம் வகுத்துத் தர யாரும் இல்லை. முன்னால் ஓடிய லாண்டி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்தில் பானிஸ்டர் வலப்பக்கமாகக் கடந்து போனார். என் கணக்கில், இரண்டில் பெரிய ஓட்டம் இதுதான்.

அந்த ஆண்டோடு ஓட்டத்தை நிறுத்தினார். நரம்பியல் மருத்துவரானார், இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நாம் அறியாமலே நடத்தும் தன்னியக்க நரம்புகளின் கோளாறுகளை ஆராய்ந்தார். 2018-இல், 88 வயதில் மறைந்தார்.

உலகம் அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியே கேட்டது. அவரோ தம் மருத்துவப் பணியையே பெரிதாகச் சொன்னார். கணக்குத் தெரிந்தவர் சொன்னது, ஏற்றுக்கொள்ளலாம்.