மோட்டாருக்கு முன்னால் பின்பலகையைப் பாருங்க

(ஆழ்வார்பேட்டையில் குடியிருப்போரும் மீனவ இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்து படகு மோட்டாரைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பட்டினப்பாக்கமும் நொச்சிக்குப்பமும் இருக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையின் பல தெருக்களுக்கு மீனவர்களின் படகுதான் வந்து ஆட்களை ஏற்றிச் சென்றது. அந்தப் படகில் மோட்டார் சரியாக மாட்டியிருக்கிறதா என்பது அவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும் உயிர் விஷயம்தான்.

முதலில் அடிப்படை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. சென்னைக் கரையில் நீளமான தண்டு வைத்த லாங் டெயில் எஞ்சினை நிறையப் பார்க்கலாம். இன்னொன்று அவுட்போர்டு மோட்டார். எஞ்சின், தண்டு, புரொப்பல்லர் மூன்றும் ஒரே உருப்படி. அது படகின் பின்பக்கப் பலகையில் தொங்கும். இந்தப் பின்பலகையைத்தான் டிரான்சம் என்கிறார்கள். அதில் நேரடியாக மாட்ட வசதி இல்லை, உயரம் பொருந்தவில்லை, அல்லது மோட்டாரை ஏற்றி இறக்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு இரும்புச் சட்டம் போடுவோம். அதுதான் டிரான்சம் பிராக்கெட்.

மோட்டார் வாங்கும்போது எல்லோரும் எத்தனை ஹெச்.பி. என்று கேட்கிறோம். பின்பலகை தாங்குமா என்று கேட்பவர் குறைவு. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

25 கிலோ அரிசி மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் தாங்கிடலாம். அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்க! பிராக்கெட்டும் அப்படித்தான், மோட்டாரைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்துது. அதனால் அதே எடை பலகையைக் கூடுதலாக இழுக்கும். புரொப்பல்லர் கீழே தண்ணீரை உந்தும்போதும் இதே திசையில்தான் விசை வரும்: மேல் போல்ட்டுகள் வெளியே இழுபடும், பிராக்கெட்டின் கீழ் விளிம்பு பலகையை அழுத்தும். பிய்த்துக்கொண்டு வந்தால் மேலிருந்துதான் ஆரம்பிக்கும்.

எனவே துளை போடுவதற்கு முன் பலகையைச் சோதியுங்க. பெரும்பாலான ஃபைபர் படகுகளில் பின்பலகையின் உள்ளே பிளைவுட் இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்க. நல்ல இடத்தில் கணீர்னு சத்தம் வரும். உளுத்த இடத்தில் மொத்தென்று கேட்கும். பழைய துளையில் ஈரம் கசிந்தாலும் எச்சரிக்கைதான். அந்தப் பலகையைச் சரிசெய்யாமல் பிராக்கெட் மாட்டக் கூடாது.

பிராக்கெட்டில் அது தாங்கும் ஹெச்.பி., கிலோ இரண்டும் குறித்திருக்கும். இரண்டையும் பாருங்க. அதே ஹெச்.பி.யில் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் பொதுவாக டூ ஸ்ட்ரோக்கைவிடக் கனமாக இருக்கும். பழைய பிராக்கெட்டில் புது மோட்டாரை மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

அடுத்தது உயரம். மோட்டார் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று வரும். மோட்டார் உட்காரும் இடத்திலிருந்து படகின் அடிமட்டம் வரை நேராக அளந்து, அதற்குப் பொருந்தும் தண்டை வாங்க வேண்டும். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ இருப்பது நல்ல தொடக்கம். ரொம்ப மேலே வைத்தால் புரொப்பல்லர் காற்றை இழுக்கும், குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகாமல் எஞ்சின் சூடாகும். ரொம்பக் கீழே வைத்தால் படகு இழுபடும், எரிபொருள் வீணாகும். உயரத்தை மாற்றிப் பார்க்க வசதியாக, பல துளை உள்ள பிராக்கெட் கிடைத்தால் அதையே வாங்குங்க.

மாட்டும்போது மர ஸ்குரூ வேண்டாம். பலகையை ஊடுருவிப் போகும் போல்ட் போடுங்க. உப்புத் தண்ணிக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாக்குப்பிடிக்கும். உள்பக்கம் வெறும் வாஷர் போதாது, இழுவையைப் பரப்ப அகலமான தகடு வைக்கணும். துளையின் உள்சுவரில் ரெசின் தடவிக் காயவிட்டு, கடல் உபயோகத்துக்கான சீலன்ட் பூசி, லாக் நட் போட்டு முறுக்குங்க. சீல் வைக்காத ஒரு துளை போதும், உள்ளே இருக்கும் மரம் மெல்ல மெல்ல அழுகிடும்.

முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்குங்க. மோட்டாரை ஒரு சங்கிலியால் படகோடு தனியாகக் கட்டுங்க. பிடி விட்டாலும் மோட்டார் கடலுக்குள் போகாது. ஓட்டுகிறவர் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளணும். அவர் தவறி விழுந்தால் மோட்டார் நின்றுவிடும்.

வெள்ளத்தில் தெருவுக்குள் வரும்போது இன்னொரு ஆபத்து இருக்கு. தண்ணீருக்கடியில் வேகத்தடை, நடைபாதை விளிம்பு, விழுந்து கிடக்கும் பைக் எதுவும் தெரியாது. புரொப்பல்லர் மோதினால் அடி முழுவதும் பின்பலகைக்குத்தான் போகும். ஆழம் குறைந்தால் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்பாலோ கழியாலோ தள்ளுங்க. ஏறும் பொதுமக்களும் பின்பக்கம் கூட்டமாக உட்காராமல், படகுக்காரர் சொல்லும் இடத்தில் உட்காருங்க.

இனி உங்கள் கைபேசிக்கான வேலை. மோட்டாரின் வரிசை எண் பொறித்த தகட்டையும் பில்லையும் படம் எடுத்து வைங்க. பிராக்கெட் போல்ட்டுகளையும் மாதம் ஒரு படம் எடுத்தால், துரு ஏறுவதும் விரிசல் விடுவதும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெரியும். மீன்பிடிப் படகுப் பதிவுக்கு ரியல்கிராஃப்ட் என்ற இணையதளம் இருக்கு. மோட்டார் மாற்றினால் புது எஞ்சின் விவரத்தையும் பதிவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க.

2023 ஆகஸ்ட் 18-ல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், 1,000 நாட்டுப்படகுகளுக்கு 40 சதவீத மானியத்தில் எஞ்சின் வழங்கும் அறிவிப்பு வந்தது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா, என்ன ஆவணம் வேண்டும் என்பதை உங்கள் பகுதி மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்க. துறையின் தலைமை அலுவலகம் பக்கத்திலேயே, நந்தனத்தில் இருக்கு.

இரண்டு எண்களை இப்பவே சேமித்துக்கொள்ளுங்க: கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

மானியத்தில் மோட்டார் கிடைக்கலாம். ஆனால் அதைத் தாங்கும் பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான். அதற்கு ஒரு சுத்தியலும் பத்து நிமிடமும் போதும். அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முன் அதைச் செய்துவிடுங்க.