தொண்டில் துலங்கும் பொறியியற் கல்வி



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நால்வகைத் தானங்களைச் சமண அறம் இல்லறத்தார்க்கு வகுத்துள்ளது. நெல் அளிப்போரும், நூல் அளிப்போரும், மருந்துக்குப் பொருள் அளிப்போரும் சமணர் வாழும் ஊர்களில் என்றும் உண்டு. பொறியியல் பயிலும் மாணவர் எதனை அளிப்பார்? அவர் கையில் பொருள் இல்லை. கற்ற கலை உண்டு. அக்கலை பிறர் துயர் துடைக்கும் கருவியாவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

பகவான் மகாவீரர் திருப்பெயரைத் தாங்கிய அமைப்பு ஒன்றிலிருந்தே இதனைத் தொடங்கலாம். ஜெய்ப்பூரில், 1968ஆம் ஆண்டளவில், எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் சேர்ந்து ஒரு செயற்கைக் காலை உருவாக்கினர். மேலைநாட்டு முறையில் அமைந்த செயற்கைக் கால்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவை காலணிக்குள் பொருந்துவதற்கென்றே செய்யப்பட்டவை. தரையில் சம்மணமிட்டு அமர்வோர்க்கும், குந்தி உட்கார்வோர்க்கும், சேற்று வயலில் வெறுங்காலுடன் இறங்குவோர்க்கும் அவை உதவவில்லை. இரப்பரும் மரமும் கொண்டு அமைந்த ஜெய்ப்பூர்க் கால் இவை அனைத்திற்கும் இடங்கொடுத்தது. 1969இல் நேர்ந்த சாலை விபத்தில் தம் காலையே இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர் தேவேந்திர ராஜ் மேத்தா. அவர் 1975இல் நிறுவிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி, இக்காலை விலையின்றி வழங்கும் பணியை மேற்கொண்டது.

எனினும் ஒரு குறை எஞ்சியது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்க்குப் பாதம் மட்டும் போதாது, மூட்டும் வேண்டும். கதவின் கீல் போன்று ஒரே அச்சில் மடங்கும் எளிய மூட்டு, உடல் எடை அதன்மீது விழும்போது எதிர்பாராமல் மடங்கிவிடக்கூடும். அத்தகைய மூட்டை அணிந்தவர் ஒவ்வோர் அடியையும் அச்சத்தோடு எடுத்து வைக்க நேரும். உயர்தர மூட்டுகளோ பல்லாயிரம் டாலர் விலை உடையவை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, 2008ஆம் ஆண்டில் இச்சிக்கலைத் தன் வகுப்புப் பணியாக எடுத்துக்கொண்டு, ஜெய்ப்பூர்ச் சமிதியுடன் இணைந்து செயற்பட்டது. நான்கு இணைப்புகள் கொண்ட பொறியமைப்பை அவர்கள் தேர்ந்தனர். இதில் மூட்டு சுழலும் மையம் ஓரிடத்தில் நிலைத்திராமல், கால் மடங்குவதற்கேற்ப இடம் மாறும். அதனால் ஊன்றி நிற்கையில் மூட்டு உறுதியாக நிற்கும். காலை வீசி நடக்கையில் எளிதாக மடங்கும். எந்திரவியல் மாணவர் பலரும் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகும் பாடமே இது. எண்ணெய் ஊறிய நைலானால் செய்யப்பட்டமையால் இம்மூட்டுக்குத் தனியே உயவு எண்ணெய் இட வேண்டுவதில்லை. ஏறத்தாழ இருபது டாலர் செலவில் உருவான இதனை, 2009ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகள் ஐம்பதனுள் ஒன்றாக 'டைம்' இதழ் குறித்தது.

பாடம் முடிந்த பின்னும் அவர்களுள் சிலர் பணியை விடவில்லை. மூட்டின் வடிவம் மேலும் மேலும் திருத்தப்பெற்றது. பின்னர் வந்த வடிவத்தில், நடக்கும்போது எழும் ஒலியைத் தணிக்கும் அமைப்பும் சேர்ந்தது. காண்போர்க்கு இது சிறிய மாற்றம். தெருவில் செல்கையில் தம் கால் எழுப்பும் ஒலி கேட்டுப் பிறர் திரும்பிப் பார்ப்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர்க்கு அது சிறிதன்று. அணிபவரிடம் கேட்டாலன்றி இத்தகைய துன்பம் வரைபடத்தில் தெரியாது.

அதே பல்கலைக்கழகத்தில் 2007இல் வேறொரு மாணவர் குழுவுக்குக் குறைந்த விலையில் குழந்தைகளுக்கான இன்குபேட்டர் அமைக்கும் பணி தரப்பட்டது. நேபாளம் சென்று பார்த்தபோதுதான் உண்மை நிலை புலனாயிற்று. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுள் பலர் பிறப்பது மருத்துவமனையை எட்ட முடியாத சிற்றூர்களில். அங்கே மின்சாரத்தை நம்புவதற்கில்லை. ஆகவே பெட்டியை மலிவாக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, குழந்தையைப் பொதிந்து வைக்கும் சிறு பை ஒன்றை அமைத்தனர். அதனுள் வைக்கும் மெழுகு போன்ற பொருள், ஒருமுறை சூடேற்றினால் உடலுக்கு ஏற்ற 37 பாகை வெப்பத்தைச் சில மணி நேரம் காத்து நிற்கும்.

இத்தகைய பணி ஓரிரு மாணவர்தம் ஆர்வத்தோடு முடிந்துவிடாமல் நிலைபெற வழியுண்டா? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் அதற்கு ஒரு முறை கண்டது. பேராசிரியர்கள் எட்வர்டு காயிலும் லியா ஜேமிசனும் 1995இல் அங்கு தொடங்கிய 'எபிக்ஸ்' என்னும் திட்டத்தில், மாணவர் குழு ஒவ்வொன்றும் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுடன் இணைகிறது. முதலாண்டு மாணவர் முதல் இறுதியாண்டு மாணவர் வரை ஒரே குழுவில் பணியாற்றுவர். மூத்தோர் பட்டம் பெற்றுச் செல்கையில் இளையோர் பொறுப்பேற்பர். ஆள் மாறினாலும் பணி அறுபடுவதில்லை. உதவி பெறுவோர் நடுவழியில் கைவிடப்படுவதுமில்லை. பொறியியற் கல்விக்கான கார்டன் பரிசு 2005இல் இத்திட்டத்திற்காக வழங்கப்பட்டது.

இனித் தமிழகத்து நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இந்திய அரசு 2014இல் தொடங்கிய 'உன்னத் பாரத் அபியான்' வழியாகக் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. வழி திறந்தே இருக்கிறது. ஆனால் இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கடையில் விலைக்கு வாங்கி ஒப்படைக்கும் வழக்கமும் இங்கு உண்டு. அதனால் நேரும் இழப்பு மதிப்பெண்ணில் தெரியாது. வாங்கிய மாணவர் தம் கல்வியை இழக்கிறார். அவர் உழைப்பால் பயன் பெற்றிருக்கக்கூடிய ஒருவர் தம் துயரோடு அப்படியே நிற்கிறார். கள்ளாமை என்னும் விரதத்தைப் போற்றும் குடும்பங்கள் இதனை எளிதாக எண்ணலாகாது.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பொறியியல் பயில்கின்றனர். அவ்வூர்களில் தேவைக்குப் பஞ்சமில்லை. நாள் முழுதும் மணிலாக் கொட்டை உரித்து விரல் தேய்ந்த மூதாட்டி, படியேற இயலாத முதியவர், எழுத்தைக் காண இயலாத சிறுமி ஆகியோர் ஒவ்வொருவரிடமும் ஒரு பாடம் காத்திருக்கிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் பெற்றோர் மதிப்பெண்ணோடு மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: உன் திட்டப்பணி யாருக்கு உதவும்? அவரை நேரில் கண்டு பேசினாயா? நீ கல்லூரியை விட்டபின் அது பழுதானால் சீர்செய்வார் யார்?

மூன்றாம் வினாவுக்கு விடை சொல்லக் கூடிய மாணவரே தொண்டின் பொருளை உணர்ந்தவர். கருவியைக் கொடுத்துவிட்டு நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்புதல் எளிது. அக்கருவி மறு ஆண்டும் இயங்குகிறதா என்று மீண்டும் சென்று பார்த்தலே கருணை. அத்தகைய பிள்ளைகள் ஒவ்வோர் இல்லத்திலும் வளர்க!