இடியும் பீரங்கியும்

பீரங்கி முழக்கத்தை இடியென்று பாடுகிறோம். ஓசை ஒக்கும். தொல்காப்பியர் உவமத்திற்கு வகுத்த நான்கனுள் வினையும் பயனும் ஒக்குமா?

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போர். நெல்சனின் 'விக்டரி' கப்பலில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்துப் பீரங்கி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 டன். சுடுந்தோறும் அது பின்னோக்கிப் பாயும். மாலுமிகள் கயிறிழுத்து மீண்டும் முன்னிறுத்த வேண்டும். காதுகளை மறைத்துத் துணி கட்டியிருப்பர். வெடிமருந்து சுமந்து ஓடியோருள் சிறுவரும் உண்டு. நம் பாட்டில் அவர்களுக்கு இடமேது? பகைவர் குண்டு துளைத்தால் கப்பலின் சொந்த மரமே சிலாம்புகளாய்ச் சிதறி உடலில் தைக்கும். அக்கப்பலில் மட்டும் மாண்டோர் 57 பேர்.

இடிக்குப்பின் மழையுண்டு. இங்கோ, குருதியில் கால் வழுக்காதிருக்கப் போருக்கு முன்பே தளத்தில் மணல் பரப்பிவைத்தார்கள்.