தொடாமலே வாசிக்கிற வாத்தியம்: தெரமின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்கத் தோதாக ஆங்காங்கே திருத்திச் சுருக்கியிருக்கிறோம்.)

[20 விநாடி இசை]

இப்போ நீங்க கேட்டது என்னன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. யாரோ வாயைத் திறக்காம முனகுற மாதிரி இருக்கா? இல்ல, செல்லோ மாதிரி இருக்கா? போன வாரம் இதை என் ரூம்மேட்டுக்குப் போட்டுக் காட்டினேன். "யாருடா பாடுறது?"ன்னு கேட்டான்.

யாரும் பாடலை. இது செயிண்ட் சான்ஸ் எழுதிய 'தி ஸ்வான்'. வாசித்தவர் கிளாரா ராக்மோர். வாத்தியம், தெரமின். இதை வாசிக்கும்போது அவர் கை எதையுமே தொடவில்லை. வெறும் காற்றில் விரலை அசைத்துத்தான் இவ்வளவும்.

இன்னைக்கு எபிசோட் இந்த வாத்தியத்தைப் பத்தித்தான். ஆனா முதல்ல ஒரு பழைய பாவத்தை ஒத்துக்கிறேன்.

காலேஜ் மூணாவது வருஷம், சிம்போசியத்துக்கு நான் ஒரு 'தெரமின்' செஞ்சேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு குட்டி ஸ்பீக்கர். கை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சென்சார் அளக்கும், அதுக்கேத்த சத்தம் வரும். முதல் நாள் பூனையை மிதிச்ச மாதிரி கத்துச்சு. உடனே கோட்ல ஒரே ஒரு வரி சேர்த்தேன்: கை எங்க இருந்தாலும் சரி, பக்கத்துல இருக்கிற மோகன ராக ஸ்வரத்துக்கு ரவுண்டு பண்ணிடு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் யார் வந்து கையை ஆட்டினாலும் இனிமையா வந்துச்சு. ரெண்டாவது பரிசும் கிடைச்சுது.

அந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. கடைசியில அதுக்குத் திரும்ப வருவோம்.

உள்ளே என்ன நடக்குது?

நிஜமான தெரமின்ல சென்சார் எதுவும் கிடையாது. ஒரு பெட்டி. வலது பக்கம் நேரா நிற்கிற ஒரு ஆன்டெனா. இடது பக்கம் படுக்கையா ஒரு வளைய ஆன்டெனா. வலது கை ஸ்ருதிக்கு, இடது கை சத்தத்தோட அளவுக்கு.

பெட்டிக்குள்ளே ஸ்ருதிக்காக ரெண்டு ஆஸிலேட்டர் இருக்கும். ரெண்டும் நம்ம காதுக்குக் கேட்காத ரேடியோ அதிர்வெண்ல ஓடும். ஒண்ணு மாறவே மாறாது. இன்னொண்ணு ஆன்டெனாவோட சேர்ந்தது. நம்ம உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் இல்லையா? அதனால கையும் ஆன்டெனாவும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் ஆகிடும். கை நெருங்க நெருங்க கெபாசிட்டன்ஸ் துளி ஏறும், அந்த ஆஸிலேட்டரோட அதிர்வெண் துளி இறங்கும்.

உதாரணத்துக்கு, முதல் ஆஸிலேட்டர் 2,00,000 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குவோம். கை நெருங்கினதால ரெண்டாவது 1,99,560க்கு இறங்கிடுச்சு. ரெண்டையும் கலந்தா, வித்தியாசமான 440 ஹெர்ட்ஸ் மட்டும் தனியா வெளியே வரும். அது காதுக்குக் கேட்கும். தம்புராவுக்கு ஸ்ருதி சேர்க்கும்போது ரெண்டு தந்தி லேசா விலகியிருந்தா 'வொய்ங் வொய்ங்'னு ஒரு அலை கேட்குமே, அதே சங்கதிதான்.

இடது கை வளையத்துக்குக் கிட்டப் போனா சத்தம் அடங்கும், விலகினா ஏறும்.

இதுல கவனிக்க வேண்டியது, நடுவுல படிக்கட்டே கிடையாது. கீபோர்டு மாதிரி கட்டை இல்லை, கிடார் மாதிரி ஃப்ரெட் இல்லை. வயலின்லயாவது விரலுக்குக் கீழே ஒரு பலகை இருக்கு. இங்கே கை நடுங்கினா ஸ்ருதி நடுங்கும். உடம்பு லேசா அசைஞ்சாக்கூட ஸ்வரம் நழுவும்.

லெவ் தெர்மென்

இதைக் கண்டுபிடித்தவர் ரஷ்யர், லெவ் தெர்மென். மேற்கில் லியான் தெரமின். 1896-ல் பிறந்தவர். இயற்பியலும் தெரியும், செல்லோவும் தெரியும். 1920 வாக்கில் பெட்ரோகிராடில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வாயுக்களின் மின்பண்பை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அதன் ஒலி மாறுவதைக் கவனித்தார். நம்மளா இருந்தா 'பக்'னு டிக்கெட் போட்டு மூடியிருப்போம். அவர் அதில் மெட்டு வாசித்துப் பார்த்தார்.

1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். பிறகு ஐரோப்பா, 1927 கடைசியில் நியூயார்க். 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை. 1929-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் தெரமினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 175 டாலர், வால்வும் ஸ்பீக்கரும் தனி. பாடவோ விசிலடிக்கவோ தெரிந்தால் போதும், யாரும் வாசிக்கலாம் என்ற தொனியில் விளம்பரம்.

அந்த அக்டோபரில்தான் பங்குச் சந்தை சரிந்தது. ஆனா அது மட்டும் காரணம் இல்லை. வாங்கிட்டுப் போனவங்களால வாசிக்க முடியலை. சுமார் 500 பெட்டி செஞ்சதோட கடையைச் சாத்திட்டாங்க.

கிளாரா

இந்த வாத்தியத்தைக் கேலியிலிருந்து காப்பாற்றியவர் கிளாரா ராக்மோர். 1911-ல் வில்னியஸில் பிறந்தவர், சின்ன வயதிலேயே அசாத்தியமான வயலின் திறமை. குழந்தைப் பருவத்தில் சரியான சாப்பாடு இல்லாததால் எலும்புகள் பலவீனமாகி, பதின்வயதில் வயலினை விட வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் தெரமினைச் சந்திக்கிறார். அழுத்த வேண்டாம், வில் பிடிக்க வேண்டாம், ஆனால் வயலின் மாதிரி ஸ்ருதியை வளைக்கலாம்!

அவர் காற்றில் ஒரு விரலமைப்பையே உருவாக்கினார். முழுக் கையையும் ஆட்டாமல், விரல்களை மடக்கி விரித்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிடிப்பார். தெரமினிடம் கேட்டு 5 ஆக்டேவ் வரை போகிற மாதிரி ஒரு பெட்டியையும் செய்து வாங்கினார். ஆனால் அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1977-ல். அதுவரை உலகத்துக்குத் தெரிந்த தெரமின் வேறு.

பேயும் பறக்கும் தட்டும்

1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்'. இசை மிக்லோஷ் ரோஜா. மனம் கலங்குகிற இடங்களுக்குத் தெரமின் வைத்தார், அந்த இசைக்கு ஆஸ்கரும் கிடைத்தது. வாசித்தவர் சாமுவேல் ஹாஃப்மேன். பகலில் அவர் பாத மருத்துவர்! 1951-ல் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் ரெண்டு தெரமின் வைத்தார். அதோட முடிஞ்சுது. 'ஊ... ஊ...'ன்னு சத்தம் வந்தா வேற்றுகிரகவாசி வர்றான்னு அர்த்தம்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுறேன். 'டாக்டர் ஹூ' தீம் தெரமின் இல்லை, டீலியா டெர்பிஷையர் டேப்பை வெட்டி ஒட்டிச் செஞ்சது. பழைய 'ஸ்டார் ட்ரெக்' தீம்ல கேட்கிறது ஒரு பாடகியோட குரல்.

பீச் பாய்ஸோட 'குட் வைப்ரேஷன்ஸ்', 1966, அதுவும் தெரமின் இல்லை! பால் டேனர் என்கிற டிராம்போன் கலைஞர் செய்த வேறொரு கருவி. உள்ளே ஆஸிலேட்டர், வெளியே கையால் நகர்த்துகிற ஒரு ஸ்லைடர். எங்கே நிறுத்தணும்னு பக்கத்துல குறிச்சு வச்சுக்கலாம். அதாவது, தெரமினோட சத்தம் வேணும், தெரமினோட தலைவலி வேண்டாம். நிஜத் தெரமின் ராக் இசைக்குள்ளே வந்ததைக் கேட்கணும்னா 1969-ல வந்த லெட் செப்பெலினோட 'ஹோல் லாட்டா லவ்' நடுப்பகுதியைக் கேளுங்க. ஜிம்மி பேஜ் அதுல மெட்டே வாசிக்கலை, அந்த நழுவலை மட்டும் எடுத்துக்கிட்டார்.

பதினாலு வயசுப் பையன்

தெரமினின் உண்மையான வாரிசு வேறொரு இடத்தில் வளர்ந்தது. நியூயார்க்கில் ராபர்ட் மூக் என்கிற பையன் 1949 வாக்கில் அப்பாவோட சேர்ந்து வீட்டிலேயே ஒரு தெரமின் செய்கிறான். 1954-ல் அதைப் பற்றி ஒரு ரேடியோ இதழில் கட்டுரை எழுதுகிறார், செய்து விற்கவும் ஆரம்பிக்கிறார். 1961-ல் சுமார் 50 டாலருக்குக் கிட்டாகவே விற்றார்.

அந்தக் கிட்டை வாங்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் டாய்ச், இசையமைப்பாளர். 1963-ல் இருவரும் சந்திக்கிறார்கள். 1964-ல் மூக் சின்தசைசர் பிறக்கிறது. ஆஸிலேட்டர்தான் அடிப்படை, ஆனால் அதைக் கட்டுப்படுத்த டாய்ச் யோசனைப்படி ஒரு கீபோர்டு. பியானோ தெரிந்த யாரும் உட்காரலாம். 1968-ல் வெண்டி கார்லோஸின் 'ஸ்விட்ச்டு ஆன் பாக்', 1974-ல் கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்', 1977-ல் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்'. இன்னைக்கு கிளப்ல நீங்க கேட்கிற பாதி சத்தத்துக்குப் பரம்பரை இதுதான்.

ஆனா ஒண்ணு பாருங்க. கீபோர்டு வந்ததும் நழுவல் போயிடுச்சு. உடனே அது வேணும்னு எல்லாரும் தேடினாங்க. விரலால் தடவுகிற ரிப்பன் ஒண்ணை மூக் செய்தார், பீச் பாய்ஸ் மேடையில 'குட் வைப்ரேஷன்ஸ்' வாசிச்சது அந்த மாதிரி ஒரு ரிப்பன்லதான். 1970-ல் மினிமூக்கில் கட்டைகளுக்கு இடது பக்கம் ஒரு சக்கரம் வச்சார், ஸ்ருதியை வளைக்க. இன்னைக்கும் பல சின்தசைசர்ல அந்தச் சக்கரம் இருக்கு. என்னைக் கேட்டா, அது கீபோர்டுக்குள்ளே மிச்சம் இருக்கிற தெரமின்.

இதெல்லாம் நடந்தபோது அவர் எங்கே?

இந்தப் புகழ் எதையும் தெரமின் பார்க்கவில்லை. 1938-ல் சோவியத்துக்குத் திரும்பினார். அடுத்த வருடம் கைது. கோலிமா முகாம், பிறகு கைதி விஞ்ஞானிகளை வைத்து நடத்திய ரகசிய ஆய்வுக்கூடம். ஹாலிவுட் அவர் சத்தத்துக்கு ஆஸ்கர் வாங்கிய காலத்தில், அவர் உளவுக்கருவி செய்துகொண்டிருந்தார். 1945-ல் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதருக்கு ஒரு மரச்சிற்பம் பரிசளித்தார்கள். அதற்குள்ளே தெரமினின் ஒட்டுக்கேட்புக் கருவி. பேட்டரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலை அனுப்பினால்தான் உயிர் வரும். உங்க மெட்ரோ கார்டு பேட்டரி இல்லாம வேலை செய்யுதே, கிட்டத்தட்ட அந்த யோசனைதான். தூதர் வீட்டுச் சுவரில் தொங்கிய அதை 1952-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

1991-ல், 95 வயதில், அவர் மறுபடியும் நியூயார்க் போனார். கிளாராவைச் சந்தித்தார். 1993-ல் மறைந்தார்.

அந்த ஒரு வரி

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நிஜத் தெரமின் கிட் வாங்கி, சால்டர் பண்ணி, வாசிக்க உட்கார்ந்தேன். மூணு வாரம் ஒரு பாட்டுகூட வரலை. வயலின் கத்துக்கிட்ட அக்கா வீட்டுக்கு வந்திருந்தா. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "டேய், பாட்டெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு ஸ-ல நில்லுடா"ன்னா. நிக்க முடியலை. நான் கையைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். "கையை ஏன் பார்க்கிற? காதால பிடி"ன்னா.

அப்பத்தான் சிம்போசியம் ஞாபகம் வந்துச்சு. நான் சேர்த்த அந்த ரவுண்டு பண்ற வரி, தப்பு ஸ்வரத்தை மட்டும் வெட்டலை. கேட்க வேண்டிய தேவையையே வெட்டிடுச்சு. வாசிச்சவங்க யாரும் காதைத் தீட்டவே இல்லை.

நான் எளிமைக்கு எதிரி இல்லை. என் வேலையே அதுதான், பட்டனைக் குறைக்கிறது, ஸ்டெப்பைக் குறைக்கிறது. கீபோர்டு வைக்காம இருந்திருந்தா சின்தசைசரும் 500 பெட்டியோட நின்னிருக்கும். ஆனா மூக் எதை வெட்டுறோம்னு தெரிஞ்சு வெட்டினார், அதனாலதான் பக்கத்துல அந்தச் சக்கரத்தை வச்சார். நான் தெரியாம வெட்டினேன். இப்போ ஆபீஸ்ல ஏதாவது ஃபீச்சரை 'சிம்பிளாக்கலாம்'னு பேச்சு வந்தா, இதை எடுத்துட்டா யூசர் எதைக் கத்துக்காமப் போவாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் 'ஒண்ணும் இல்லை'ன்னுதான் பதில் வரும். எப்பவாவது வேற பதில் வரும்.

இன்னும் தினம் இருபது நிமிஷம் வாசிக்கிறேன். போன மாசம் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன். பதில்: "ஸ வந்துருச்சு. ப இன்னும் இல்ல."

அதைத்தான் இப்ப கடைசியா போடப் போறேன். ஹெட்ஃபோன் போட்டிருக்கிறவங்க சவுண்டைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. எபிசோட் பிடிச்சிருந்தா உங்க ஃப்ரெண்டு ஒருத்தருக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.

[தெரமின் ஒலி, 15 விநாடி. நடுவில் ஒரு சிரிப்பு.]