அம்புக்குறி கற்பித்த பாடம்
(ஆனேக்கலில் நடைபெற்ற அங்கத்தினர்கள் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சுடோகு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் சற்றுத் திகைத்துவிட்டார். காலையில் காபியும் பேப்பருமாக உட்கார்ந்து கட்டம் நிரப்பும் மாமா, மாமிகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அந்தக் கோஷ்டிதான்.

பெயர்தான் ஜப்பானிய மொழி. 1979-ல் அமெரிக்காவில் டெல் பத்திரிகையில் வந்த புதிர் இது. 1984-ல் ஜப்பானில் நிகோலி நிறுவனம் வெளியிட்டது. 2004-ல் லண்டன் டைம்ஸ் மூலம் உலகெங்கும் பரவியது. 2017 அக்டோபரில் உலக சுடோகு போட்டியே நம் பெங்களூருவில் நடந்தது.

போன கோடை லீவில் என் பேரன் ஒரு காகிதத்தை நீட்டினான். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம், உள்ளே ஓர் எண்கூட இல்லை! வட்டங்களும் அம்புக்குறிகளும், ஒரு பச்சைக் கோடும்தான். அம்பு செல்லும் கட்டங்களில் உள்ள எண்களைக் கூட்டினால் வட்டத்தில் உள்ள எண் வர வேண்டும். பச்சைக் கோட்டில் அடுத்தடுத்த எண்களுக்குள் குறைந்தது 5 வித்தியாசம் இருக்க வேண்டும்.

நான் ஒரு வட்டத்தில் 7 என்று எழுதினேன். "ஏன் தாத்தா 7?" என்றான். "தோணித்து, போட்டேன்" என்றேன். அரை மணியில் ஒரே வரிசையில் இரண்டு 7 வந்து நின்றது.

பிறகு அவன் சொல்லிக் கொடுத்தான். மூன்று கட்ட அம்பு ஒரே சதுரத்துக்குள் இருந்தால், அதில் எண்கள் திரும்ப வராது. 1, 2, 3 சேர்ந்தாலே 6. ஆகவே வட்டத்தில் 6 முதல் 9 வரைதான் வர முடியும். பச்சைக் கோட்டில் 5 வரவே வராது. அதன் பக்கத்தில் 0 அல்லது 10 அல்லவா வேண்டும்! 4-க்குப் பக்கத்தில் 9 மட்டுமே. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

சாதாரண சுடோகுவுக்கு ஒரே விடை இருக்க வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் கொடுத்தாக வேண்டும் என்று 2012-ல் அயர்லாந்தின் கேரி மெக்குவயர் குழுவினர் கம்ப்யூட்டர் உதவியுடன் நிரூபித்தார்கள். ஆனால் 2020-ல் மிட்செல் லீ என்பவர் அமைத்த புதிரில் கொடுத்த எண்கள் இரண்டே இரண்டு. சதுரங்கக் குதிரை, ராஜா நகர்வு போன்ற சில விதிகளைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார். விதி தெளிவாக இருந்தால் இரண்டு எண்களே போதும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பேரனின் அப்பா, என் பிள்ளை, ப்ளஸ் டூ முடித்ததும் கணிதம் படிக்கிறேன் என்றான். இன்ஜினீயரிங்தான் என்றேன். "ஏன்ப்பா?" என்று கேட்டான். "சொன்னதைச் செய்" என்றேன். இன்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அந்த "ஏன்"-க்கு நான் பதில் சொல்லவே இல்லை.

மறுநாள் அவனுக்குப் போன் செய்து, "அன்னிக்கு எனக்குக் காரணம் ஒண்ணும் தெரியாதுடா, பயம்தான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் புதிரை எனக்கும் அனுப்புப்பா" என்றான்.

குழந்தைகள் "ஏன்" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். காரணம் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.